அழிக்கிற வேலை தெரிந்தவன் சொல்கிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் காதல் படங்களைப் பற்றி வந்த கட்டுரையில் 'எட்டர்னல் சன்ஷைன் ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்' என்ற அமெரிக்கப் படத்துக்கு அரைப் பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். படம் குழப்பமானது, நம் ஊர் ரசனைக்கு ஒட்டாது, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மட்டும் பிரமாதம் என்று அதற்குள்ளேயே தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு இந்த மூன்றிலுமே உடன்பாடு இல்லை. கடைசியாகச் சொன்னது என் தொழிலைத் தொடுகிற விஷயம் என்பதால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

நான் சேலம் அம்மாபேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். கருப்பு வெள்ளைக் காலத்தில் டார்க் ரூமில் தொடங்கினேன். கலர் வந்தது, அப்புறம் டிஜிட்டல், இப்போது கரிஸ்மா ஆல்பம். ஆடி மாதம் எங்களுக்குப் பிழைப்பு கிடையாது. முகூர்த்தம் இல்லை. கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே திரண்டு நிற்கும், ஸ்டுடியோவுக்குள் பாஸ்போர்ட் சைஸ் கேட்டு வருகிற ஒன்றிரண்டு பேர்தான். அந்த மாதத்தில்தான் நான் உட்கார்ந்து படம் பார்ப்பது. பார்மசி படிக்கிற என் அக்கா மகன், "மாமா, இது உங்க தொழிலைப் பத்தின படம்" என்று சொல்லி லேப்டாப்பை டிவியில் இணைத்துப் போட்டுக் காட்டினான். கீழே ஓடுகிற எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படித்ததில் இரவு வெகுநேரம் ஆகிவிட்டது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004இல் வந்த படம். ஜோயலாக ஜிம் கேரி, கிளெமென்டைனாக கேட் வின்ஸ்லெட். காதலித்தவர்கள் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். அவள் ஒரு நிறுவனத்துக்குப் போய் அவனைப் பற்றிய நினைவு முழுவதையும் அழித்துக்கொள்கிறாள். இது அவனுக்குத் தெரிய வருகிறது. வீம்புக்கு அவனும் போகிறான். இரவில் அவன் வீட்டிலேயே தூங்க வைத்து, மெஷின் மாட்டி, புதிய நினைவிலிருந்து பழைய நினைவு நோக்கி ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். முதலில் போவது கடைசியில் போட்ட சண்டைகள். பின்னால் போகப் போக நல்ல நாட்கள் வருகின்றன. தூக்கத்துக்குள்ளேயே அவனுக்கு மனசு மாறிவிடுகிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் இல்லாத தன் சிறுவயது நினைவுகளுக்குள் ஓடி ஒளிகிறான்.

"உங்களைத் தெரிந்த ஒருவர் தன் நினைவிலிருந்து உங்களை அழித்துவிட்டார்" என்று தபாலில் ஒரு அட்டை வந்தால் எப்படி இருக்கும்? பியர் பிஸ்மத் என்ற பிரெஞ்சுக் கலைஞருக்குத் தோன்றிய இந்த யோசனைதான் படத்தின் விதை. திரைக்கதை எழுதியவர் சார்லி காஃப்மன், இயக்கியவர் மிஷேல் கோந்த்ரி. அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதில் மூவருக்கும் பங்கு உண்டு.

இனி என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். போட்டோவிலிருந்து ஆளை எடுக்கச் சொல்லி வருகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன சித்தப்பா, ஓடிப்போன மகள், கடன் வாங்கி ஏமாற்றிய பங்காளி என்று எல்லோரையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நெகட்டிவ் காலத்தில் ஒப்பேக் என்கிற செம்பழுப்பு மையைப் பூசி மறைப்போம். பிரிண்டில் அந்த இடம் வெள்ளையாக விழும். அதன் மேல் சன்னமான பிரஷ்ஷால் சுவரோ செடியோ வரைந்து ஒப்பேற்ற வேண்டும். அப்புறம் போட்டோஷாப்பில், பக்கத்து இடத்தைப் பிரதி எடுத்து மேலே பூசுகிற குளோன் ஸ்டாம்ப் வந்தது. இப்போது அவரவர் போனிலேயே விரலால் தேய்த்தால் ஆள் போய்விடுகிறார்.

சில வருடங்களுக்கு முன் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் கல்யாணத்துக்குப் படம் எடுத்ததும் நான்தான். விவாகரத்து முடிந்திருந்தது. ஆல்பத்தில் மற்ற படங்களையெல்லாம் கிழித்துப் போட்டாயிற்று, இது ஒன்றைத்தான் கிழிக்க முடியவில்லை என்று எடுத்து வைத்தார். அவருடைய அப்பா வாய்விட்டுச் சிரிக்கிற படம். அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை. படத்தில் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு நிற்கிறார்.

"அந்த ஆளை மட்டும் எடுத்துடுங்கண்ணா. அப்பா இருக்கட்டும்."

எடுத்தேன். பின்னால் இருந்த பூ அலங்காரத்தை நீட்டி மாப்பிள்ளை நின்ற இடத்தை நிரப்பினேன். அப்பாவின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. ஐந்து விரலும் லேசாக மடங்கி, இல்லாத ஒரு தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு படத்திலிருந்து அவர் கையை எடுத்து ஒட்டலாம் என்றால், மற்ற எல்லாப் படத்திலும் வந்தவர்களைக் கும்பிட்டபடி நிற்கிறார். கடைசியில் மகளை நகர்த்திக் கொண்டுவந்து, அந்தக் கைக்கு அடியில் அவர் தோளை வைத்தேன். ரொம்ப இயல்பாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் வந்து திரையைப் பார்த்தார். பேசவே இல்லை. அப்புறம், "நான் பெரியவளான பிறகு அப்பா என் தோள்ல கை போட்டதே இல்லண்ணா. தள்ளித்தான் நிப்பார்" என்றார்.

"மாத்திடட்டுமாம்மா?"

"வேண்டாம். இப்படியே பிரிண்ட் போட்டுடுங்க."

அந்த வீட்டுக் குழந்தை தன் தாத்தாவை இனி அந்தப் படத்தில்தான் பார்க்கும். மகள் தோளில் கை போட்டுச் சிரித்த தாத்தா என்றுதான் நினைக்கும். அவரைச் சிரிக்க வைத்ததே அந்த மாப்பிள்ளை சொன்ன ஒரு வேடிக்கைதான் என்பது கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரியும்.

இந்தச் சங்கதியைத்தான் அந்தப் படம் காட்சிக்குக் காட்சி காட்டுகிறது. கிளெமென்டைன் வேலை செய்கிற புத்தகக் கடையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அலமாரியில் இருக்கிற புத்தகங்கள் வெளுத்துப் போகின்றன. முகம் இல்லாத மனிதர்கள் வருகிறார்கள். கடற்கரை வீடு அவர்கள் உள்ளே இருக்கும்போதே இடிந்து விழுகிறது. ஒரு பெண்ணை எடுத்துவிடுங்கள் என்றுதான் அவன் காசு கொடுத்தான். அவளோடு ஒட்டியிருந்ததெல்லாம் சேர்ந்து போகிறது. கட்டுரையாளர் 'குழப்பம்' என்று எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன். டேபிளில் உட்கார்ந்து ஒரு ஆளை எடுத்துப் பார்த்த யாருக்கும் இதில் குழப்பம் வராது.

இன்னொன்று. மறக்க வேண்டும் என்று வருகிறவரிடம் அந்த நிறுவனம் முதலில் ஒரு வேலை கொடுக்கிறது. அவள் சம்பந்தப்பட்ட பொருள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டுவரச் சொல்கிறது. அவள் படம் போட்ட கோப்பை, உள்ளே பனி விழுகிற கண்ணாடி உருண்டை, அவளை வரைந்த நோட்டுப் பக்கங்கள் என்று ஒவ்வொன்றாக எதிரில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைப் பார்க்கும்போது மூளையில் எந்த இடம் விழிக்கிறது என்று வரைபடம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை வைத்துத்தான் அழிப்பது. அக்கா மகன் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு பாடம் நடத்தினான். 2000இல் நியூயார்க்கில் கரிம் நாதர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்களாம். ஒரு சத்தம், கூடவே ஒரு ஷாக். அதற்கப்புறம் அந்தச் சத்தம் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். சத்தத்தைக் கேட்க வைத்து, அந்தப் பயம் நினைவுக்கு வந்த கையோடு, புதுப் புரதம் உருவாகாமல் தடுக்கிற மருந்தை மூளையில் குறிப்பிட்ட இடத்தில் செலுத்தினால், பிறகு அந்தப் பயம் எலியிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் பயம் அப்படியே இருக்கிறது. அதாவது ஒரு நினைவை வெளியே எடுத்த பிறகு அது திரும்பவும் பதிந்தாக வேண்டும், அந்தச் சமயத்தில் அது இளகியிருக்கிறது. எலிக்கும் மனிதனின் காதலுக்கும் ரொம்ப தூரம் என்று அவனே சொல்லிவிட்டான். ஆனால் அழிப்பதற்கு முன்னால் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புதிதில்லை. அந்த மாப்பிள்ளையின் காதோரத்தையும் தலைமுடி விளிம்பையும் பெரிதாக்கிப் பார்த்து உட்கார்ந்திருந்த அளவுக்கு, அவரைக் கட்டிக்கொண்டவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது காதலர்கள் இல்லை, அழிக்க வந்த பையன்கள்தான். ஒருவன் மனசிலிருந்து அவன் வாழ்க்கையையே உருவுகிற வேலை நடக்கிறது, இவர்கள் அவன் பிரிட்ஜைத் திறந்து தின்கிறார்கள், குடிக்கிறார்கள், அவன் படுத்திருக்கிற கட்டிலிலேயே ஏறிக் குதித்து ஆடுகிறார்கள். அதில் ஒருவன் இன்னும் மோசம். கிளெமென்டைனுக்கு வேலை பார்க்கப் போன இடத்தில் அவள் மேல் ஆசை வந்து, ஜோயல் மூட்டை கட்டிக் கொடுத்த பரிசுப் பொருள்களையும் வாசகங்களையும் தன்னுடையது என்று சொல்லி அவளிடமே நீட்டுகிறான். அசிங்கமாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரம்மா எழுந்து போய்விட்டார். எனக்கு இதில்தான் எழுதியவர்மேல் மரியாதை வந்தது. அழிக்கிறவர்களுக்கு அது ஒரு நைட் டூட்டி, அவ்வளவுதான். பழைய ஸ்டுடியோக்களில் படம் கழுவி மிஞ்சிய ஹைப்போ தண்ணீரை வீணாக்க மாட்டோம். பிலிமில் பூசியிருக்கிற வெள்ளி அதில் இறங்கியிருக்கும். கேனில் வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்தெடுக்க ஆள் வருவார். சேலத்தில் வெள்ளி எங்கே போகும்? யார் யாருடைய கல்யாணப் படத்திலிருந்து கரைந்த வெள்ளியோ யாரோ ஒரு பெண்ணின் கொலுசில் கிடந்திருக்கும். நாங்கள் ஒருநாளும் அதை நினைத்துக் கவலைப்பட்டதில்லை.

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் வேலை படத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் கட்டுரையாளர் வியந்து குறிப்பிட்டிருக்கிற சமையலறைக் காட்சி கையால் செய்தது. ஜோயல் நாலு வயதுப் பிள்ளையாக மேஜைக்கு அடியில் இருக்கிறான், வளர்ந்த கிளெமென்டைன் அதே அறையில் நிற்கிறாள். அந்த அறையையே கோணலாகக் கட்டியிருக்கிறார்கள். கேட் வின்ஸ்லெட் கேமராவுக்குப் பக்கத்தில், ஜிம் கேரி தள்ளி. சாமான்களின் அளவும் அதற்கேற்றபடி. கேமரா நிற்கிற அந்த ஒரு இடத்திலிருந்து பார்த்தால்தான் எல்லாம் சேர்ந்து ஒரே அறையாகத் தெரியும். டாக்டர் அறையில் ஜோயல் தன்னையே பார்க்கிற இடம் இன்னும் வேடிக்கை. கேமரா நகர்கிற நேரத்துக்குள் ஜிம் கேரி அதன் பின்னால் ஓடி, உடுப்பை மாற்றி, மறுபக்கம் வந்து நின்றுகொள்கிறார். புத்தகக் கடையில் விளக்குகள் வரிசையாக அணைய அணைய அவன் நடந்து வந்து, அப்படியே நண்பர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிடுவதும் செட்டை ஒட்டிக் கட்டிச் செய்ததுதான்.

இதைச் சேலத்துக்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஏற்காடு போகிற ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது, மலைக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். அதை நடத்திய டி.ஆர். சுந்தரம் 1940இலேயே 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டினார். அந்தக் காலத்தில் இருந்த வழி, பிலிமில் ஒரு பாதியை மறைத்து மறுபாதியில் எடுத்து, சுருளைப் பின்னால் சுற்றி, மறைத்த பாதியில் இன்னொரு முறை எடுப்பது. கேமரா நூலளவு அசைந்தாலும் கோடு தெரிந்துவிடும். நானும் பழைய கேமராவில் அப்படி எடுத்திருக்கிறேன். ஒரே ஆள் தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்கிற படத்துக்கு ஒரு காலத்தில் நல்ல கிராக்கி.

'நம் ஊர் ரசனைக்கு ஒட்டாது' என்பதையும் ஏற்க முடியவில்லை. தலையில் அடிபட்டு எல்லாம் மறந்து, இன்னொரு அடி பட்டதும் எல்லாம் திரும்புவதை நாம் பார்க்காத பார்வையா? பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' 1982இல் வந்தது. ரயில் நிலையத்தில், மறந்துபோனவள் ஜன்னலோரம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள், நினைவிருக்கிறவன் பிளாட்பாரத்தில் குட்டிக்கரணம் போடுகிறான். அதற்கு அழுத ஊர் இது. என் வீட்டுக்காரம்மா நெசவுக் குடும்பம். படத்தின் நடுவில் திரும்பி வந்து உட்கார்ந்தவர் கேட்டார், "ஏங்க, மறக்கிறதுக்குப் போய்க் காசு கொடுப்பாங்களா? தறியில உட்கார்ந்தா தானா மறந்து போகும்னு எங்க அம்மா சொல்லுவாங்க." படத்தின் கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. விடையில்தான் தகராறு.

ஜோயலுக்கு எல்லாம் அழிந்த மறுநாள் காலை. வேலைக்குப் போக ரயிலுக்கு நிற்கிறவன், காரணமே இல்லாமல் எதிர்த் திசை வண்டிக்கு ஓடுகிறான். மாண்டாக் என்ற கடலோர ஊருக்குப் போகிறான். அவளை முதன்முதலில் பார்த்த இடம் அது என்பது அவனுக்குத் தெரியாது. அவளும் அங்கே வருகிறாள். நமக்கு அது ஏற்காடுதான். கல்யாணம் முடிந்த ஜோடிகளை அழைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், ஏரிக்கரை என்று படம் எடுப்பது எங்கள் வேலையில் பாதி. எல்லா ஜோடியும் அதே பாறையில் அதே மாதிரி சாய்ந்து நிற்பார்கள். பிரிந்த பிறகு தனியாக வந்து நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆளை எனக்கு அடையாளம் தெரியும். 'சும்மா வந்தேண்ணா' என்பார்கள். நானும் கேட்டுக்கொள்வதில்லை, அடுத்த ஜோடியை நிறுத்தப் போய்விடுவேன்.

படம் பார்க்க நினைத்திருப்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம். அந்த நிறுவனத்தில் வேலை செய்கிற மேரி என்ற பெண்ணுக்கு, தன் நினைவையும் அங்கேயே அழித்திருக்கிறார்கள் என்று தெரிய வருகிறது. உடனே எல்லா வாடிக்கையாளர்களின் பைலையும் கேசட்டையும் அவரவர் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறாள். அவள் செய்தது நியாயம் என்று கட்டுரையாளர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. ஆளை எடுத்த படத்தின் அசல் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். வந்து கேட்டால் கொடுப்பேன். அதையும் அழி என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழிப்பேன். கேட்காத ஒருவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பி வைக்க எனக்குத் துணிவு வராது. அந்தச் செவ்வாய்ப்பேட்டைப் பெண் அசலைக் கேட்டு வரவில்லை. அழிக்கச் சொல்லியும் வரவில்லை.

அந்தக் கேசட்டுகளில், அழிப்பதற்கு முன் ஒருவரைப் பற்றி ஒருவர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். புதிதாகச் சந்தித்ததாக நினைக்கிற இருவரும் அதைப் போட்டுக் கேட்கிறார்கள். போகப் போக உனக்கு என்னைப் பிடிக்காமல் போகும், எனக்குச் சலித்துப்போகும் என்று அவள் சொல்கிறாள். அவன் 'சரி' என்கிறான். அவளும் 'சரி' என்கிறாள். 'இனிய முடிவு' என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. ஜாதகத்தில் உள்ள தோஷத்தையெல்லாம் ஜோசியர் வரிசையாகப் படித்து முடித்த பிறகு தாம்பூலம் மாற்றிக்கொள்கிற மாதிரியான முடிவு அது. "தெரிஞ்சே விழறாங்க" என்றார் வீட்டுக்காரம்மா. டிவியை அணைக்கப் போன பையனிடம், "இருடா, பாட்டு முடியட்டும்" என்று சொன்னதும் அவர்தான்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு நீங்கள் போட்டிருக்கிற படத்தில் கிளெமென்டைனுக்கு நீலத் தலைமுடி. அடியில் 'முதல் சந்திப்பு' என்று அச்சாகியிருக்கிறது. படம் தொடங்கும்போது அப்படித்தான் தோன்றும். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் பெயர்களே போடுகிறார்கள், அதுவரை பார்த்தது என்ன என்பது வெகுநேரம் கழித்துத்தான் விளங்கும். முதல் சந்திப்பில் அவள் முடி பச்சை. பழகிய நாட்களில் சிவப்பு, பிரிகிற சமயத்தில் ஆரஞ்சு. நீலம், எல்லாம் அழித்த பிறகு. எது முன்னால், எது பின்னால் என்று பார்ப்பவர் தடம் தவறாமல் இருக்கத்தான் இந்த நிறங்கள். படத்தைக் குழப்பம் என்று எழுதியவர் முடியைக் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் திருத்தம் போடுவதாக இருந்தால் பச்சை முடிப் படத்தைத் தேடிப் போடுங்கள். நீலம்தான் கையில் இருக்கிறது என்றால் அடியில் 'இரண்டாம் சந்திப்பு' என்று போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்கார வாசகர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம் - 3.